சிரிப்பு யார் முகத்தில் விழுகிறது? நகைச்சுவைப் படங்களில் திருநர் பாத்திரங்களைப் பார்க்க ஒரு படத்தொகுப்பாளனின் கையேடு

நான் படத்தொகுப்பாளன். சிரிப்புப் படங்களே எனக்கு அதிகம் வாய்த்திருக்கின்றன. ஒரு நகைச்சுவைக் காட்சி என் மேஜைக்கு வந்தால், வசனம் முடிந்ததும் யாருடைய முகத்துக்குத் தாவுவது என்றுதான் முதலில் யோசிப்பேன். கேலி செய்தவர் முகத்துக்குப் போனால் ஒரு சிரிப்பு. கேலிக்கு ஆளானவர் முகத்துக்குப் போனால் வேறொரு சிரிப்பு. பக்கத்தில் வேடிக்கை பார்த்தவர் முகத்துக்குப் போனால் மூன்றாவது வகை. வசனம் ஒன்றுதான், நடிப்பும் ஒன்றுதான். வெட்டு மாறினால் அடி விழும் இடம் மாறிவிடுகிறது.

திருநங்கையோ, திருநம்பியோ, ஆண் பெண் என்ற வரையறைக்குள் அடங்காத ஒருவரோ நகைச்சுவைப் படத்தில் வரும்போது, படம் அவரை எப்படி நடத்துகிறது என்பதைக் கண்டுபிடிக்க இந்தத் தொழில் பழக்கம் உதவுகிறது. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும், திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும், படம் முடிந்ததும் உட்கார்ந்து வாதாடுகிறவர்களுக்கும் இது பயன்படும். 'அந்தப் படம் புண்படுத்துகிறது' என்று ஒருவரும் 'அட, வெறும் காமெடிதானே' என்று இன்னொருவரும் சொல்லிவிட்டு, மேலே பேச வழியில்லாமல் முறைத்துக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பேச ஏதாவது கிடைக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். பல படங்களின் முடிவை உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காட்சி போதும்

முழுப் படத்தையும் ஒரே மூச்சில் எடைபோட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் ஓடும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எந்த நொடியில் சிரித்தீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் உழைத்திருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தால் அந்தக் கூட்டம் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

வேடமா, ஆளா?

அடுத்து, இரண்டு வகைப் படங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண் ஏதோ ஒரு நெருக்கடியில் பெண் வேடமிடும் கதை ஒன்று. திருநங்கையாகவே வாழும் ஒருவர் பாத்திரமாக வருவது இன்னொன்று.

வேடக் கதை மிகப் பழையது. 1892-இல் மேடையேறிய 'சார்லீஸ் ஆன்ட்' நாடகத்தில் இருந்து 'சம் லைக் இட் ஹாட்' (1959), 'டூட்ஸி' (1982), 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993), நம்முடைய 'அவ்வை சண்முகி' (1996), 'ரெமோ' (2016) வரை அதற்கு ஒரு நீண்ட வரிசை உண்டு. இவற்றின் நாயகர்கள் யாரும் திருநங்கைகள் அல்லர். உள்ளே இருப்பது ஆண் என்பது பார்வையாளருக்குத் தெரியும், எதிரே நிற்கும் பாத்திரத்துக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. 'அவ்வை சண்முகி'யில் ஜெமினி கணேசனின் மாமனார் பாத்திரம் மாமியிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டுத் தவிக்கும் இடங்களை மறுபடி பாருங்கள். நாம் சிரிப்பது அந்தக் கிழவரின் ஏக்கத்தைப் பார்த்து. தானே விரித்த வலையில் சிக்கிக்கொண்ட நாயகனைப் பார்த்து. மாமி கேலிப் பொருளாவதில்லை. அந்தத் தலைப்பே, மேடையில் அவ்வையாராக நடித்துப் பெயர்பெற்ற டி.கே. சண்முகத்தை நினைவூட்டுவது. ஆண் பெண்ணாக வருவதைச் சிரிப்புக்கென்று வைக்காத ஒரு மேடை மரபு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. நகைச்சுவை நடிகருக்குச் சேலையைச் சுற்றிவிட்டு, மீசை தெரிகிறது, மார்பு நழுவுகிறது என்பதோடு முடித்துக்கொள்ளும் துண்டுக் காட்சிகளை இதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும்.

வேடப் படங்களில் திருநங்கையே இல்லையே, பிறகு ஏன் இவற்றைப் பேச வேண்டும்? வேடக் கதை பார்வையாளருக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. சேலைக்குள் ஓர் 'உண்மை' ஒளிந்திருக்கிறது; கடைசியில் யாராவது டோப்பாவைப் பிடுங்குவார்கள்; உண்மை வெளியே வரும்; படம் முடியும். டோப்பா பிடுங்கும் ஷாட் இல்லாத வேடப் படம் அரிது. திருநங்கைப் பாத்திரம் வரும்போதும் அதே ஷாட்டைக் கொண்டுவந்து வைத்தால்தான் வினை. அவர் தலையில் இருப்பது டோப்பா இல்லை. பிடுங்குவதற்கு எதுவும் இல்லாத இடத்தில், படம் அவருடைய உடலையே பிடுங்க ஆரம்பிக்கிறது.

'சோப்டிஷ்' (1991) படத்தில் சதிகாரியாக வரும் நடிகையின் பழைய பள்ளிப் புகைப்படம் நேரலையில் காட்டப்படும். அதில் ஓர் ஆணின் பெயர். கதை அவருக்குத் தரும் தண்டனை அதுதான், அதுவே நகைச்சுவையும். அவர் செய்த சதிகளுக்கும் அந்தப் புகைப்படத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

வேடப் படத்தைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வேடத்தில் இருப்பவர் மேல் யாராவது காதல்கொண்டால், படம் எந்த இடத்தில் பிரேக் போடுகிறது? 'விக்டர் விக்டோரியா' (1982) படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ், பெண்ணாக வேடமிடும் ஆணாக நடிக்கும் பெண். நாயகன் அவரிடம், நீ ஆணாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று சொல்லி முத்தமிடுகிறான். கைதட்டத் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே அவன் அவருடைய அறைக்குள் ஒளிந்திருந்து, அவர் பெண்தான் என்று பார்த்து உறுதி செய்துகொண்டுவிட்டான். அந்த ஒரு காட்சியை எடுத்துவிட்டால் அது வேறு படமாக ஆகியிருக்கும். அதை எடுத்துவிடத் தயாரிப்பில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்று ஊகிக்கிறேன்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். குறித்து வைத்த காட்சியை ஒலி இல்லாமல் ஓட்டுங்கள். வசனத்தின் சாமர்த்தியமும் இசையின் கும்மாளமும் போய்விட்டால், முகங்களும் அவை வரும் வரிசையும் மட்டும் மிஞ்சும்.

'ஏஸ் வெஞ்சுரா' (1994) படத்தின் முடிவுக் காட்சி இதற்குச் சரியான பாடம். ஜிம் கேரியின் துப்பறிவாளன், காவல்துறை அதிகாரி லூயிஸ் ஐன்ஹார்ன் உண்மையில் தலைமறைவான ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரர் என்று எல்லோர் முன்னிலையிலும் நிரூபிக்கக் கிளம்புகிறான். முதலில் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான். முடி வருவதில்லை! அடுத்து சட்டையைக் கிழிக்கிறான். அங்கும் அவன் நினைத்தது இல்லை. பிறகு பாவாடை. கடைசியில் அவரைத் திருப்பி நிறுத்தியதும், சூழ்ந்து நிற்கும் போலீஸார் ஒருவர் பின் ஒருவராகக் காறித் துப்புகிறார்கள். ஒலியோடு பார்த்தால் ஜிம் கேரியின் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒலியை அணைத்துவிட்டால் திரையில் தெரிவது, நடுவில் உடை கிழிக்கப்பட்டு நிற்கும் ஒரு பெண்ணும் அவளைச் சுற்றித் துப்பும் ஆண்களும். வேடக் கதையின் டோப்பா ஷாட் வேலை செய்யாதபோது படம் என்ன செய்யும் என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் காட்டவில்லை. ஐன்ஹார்ன் வேடதாரியா, திருநங்கையா என்பதைப் படம் பொருட்படுத்தவே இல்லை. அதற்கு இரண்டும் ஒன்று.

இதே படத்தில், ஐன்ஹார்னைத் தான் முத்தமிட்டதை நினைத்து நாயகன் வாந்தியெடுத்து, பல் தேய்த்து, உடையை எரித்து, ஷவருக்கடியில் அழும் காட்சியும் உண்டு. அது 'தி க்ரையிங் கேம்' (1992) படத்தைக் கிண்டல் செய்வது. அந்தப் படத்தின் பாட்டையே பின்னால் ஓடவிடுகிறார்கள். நீல் ஜோர்டன் எடுத்த அந்தப் படத்திலும் நாயகன் வாந்தியெடுக்கிறான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அவன் அவளிடம் திரும்பி வருகிறான், மன்னிப்புக் கேட்கிறான், கடைசியில் அவளுக்காகச் சிறைக்கும் போகிறான். கிண்டல் செய்தவர்கள் எடுத்துக்கொண்டது வாந்தியை மட்டும்தான். 'நேக்கட் கன்' வரிசையின் மூன்றாம் படமும் அதே 1994-இல் அதே வாந்தியைத்தான் எடுத்தது. ஒரு காதல் கதையில் இருந்து அரை நிமிடத்தை நறுக்கி எடுத்து, அதை ஒரு வாய்பாடாகவே ஆக்கிவிட்டார்கள்.

இப்போது 'சம் லைக் இட் ஹாட்' படத்தின் கடைசிக் காட்சியை ஒலியில்லாமல் பாருங்கள். விசைப் படகில் ஜாக் லெமன், பெண் வேடத்தில். பக்கத்தில் அவரை மணக்கத் துடிக்கும் கோடீஸ்வரக் கிழவர். லெமன் ஒவ்வொரு காரணமாகச் சொல்லிப் பார்க்கிறார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் தானே டோப்பாவைக் கழற்றி எறிந்து, நான் ஆண் என்கிறார். எல்லோருக்கும் குறையுண்டு என்ற பொருளில் ஒரே வரியைச் சொல்லிவிட்டுக் கிழவர் புன்னகை மாறாமல் படகை ஓட்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒரே ஃபிரேமுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிர்ச்சியைத் தனியாகக் காட்ட வெட்டே இல்லை. திகைத்துப் போவது டோப்பாவைக் கழற்றியவன்! பில்லி வைல்டர் இதை எடுத்தது 1959-இல். 'அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும்' என்று யாராவது பழைய படங்களுக்கு வக்காலத்து வாங்கினால், நான் இந்தப் படகைத்தான் காட்டுவேன்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது இவ்வளவே: வசனத்துக்குப் பிறகு யார் முகம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்த முகத்தில் இருப்பது அருவருப்பா, பயமா, ஆசையா, சலிப்பா. திருநங்கையின் முகத்துக்கு எப்போதாவது வெட்டினார்களா என்பதையும் எழுதுங்கள். பல காட்சிகளில் அவருக்கு ஒரு க்ளோஸப்பும் இருக்காது. மற்றவர்கள் முகம் சுளிப்பதற்கான காரணமாக மட்டும் அவரை நிறுத்தியிருப்பார்கள்.

இனி படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

இது சிறிய வேலை. ஒன்று, அவர் உள்ளே நுழையும்போது இசை என்ன செய்கிறது? வாயைத் திறக்கும் முன்பே ஒரு கோணங்கி ஒலி விழுந்தால், அவர் செய்யப்போவது எதுவாக இருந்தாலும் நகைச்சுவை என்று ஏற்கனவே முடிவாகிவிட்டது. இரண்டு, குரல். படம் முழுக்க மெல்லிய குரலில் பேசுகிறவர் கோபம் வந்ததும் சட்டென்று கரகரத்த ஆண்குரலுக்கு மாறுவது, கேட்டுக் கேட்டுப் புளித்த டப்பிங் தந்திரம். அதுவும் டோப்பா பிடுங்குவதுதான், காது வழியாக.

ஒலி வேறு விதமாகவும் வேலை செய்யும். 'சம் லைக் இட் ஹாட்'டில் தனக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்று லெமன் பூரிக்கும் காட்சியில், அவர் கையில் மராக்கஸ் என்ற கிலுகிலுப்பை இருக்கும். வசனத்துக்கு வசனம் அதை ஆட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடுவார். அரங்கின் சிரிப்பில் அடுத்த வரி மூழ்கிவிடக்கூடாது என்று வைல்டர் செய்த ஏற்பாடு அது. எனக்கு அதில் இன்னொன்றும் பிடிக்கும். மணப்பெண் யார் என்று நண்பன் கேட்க, நான்தான் என்கிறார் லெமன். அந்த இடைவெளிகளில் அவர் மெய்யாகவே மகிழ்ச்சியாக இருக்கிறார். வேடத்துக்குள் ஒரு மனிதனுக்கு ஏதோ பிடித்துப்போய்விட்டது என்பதை, படம் எதையும் விளக்காமல் கிலுகிலுப்பைச் சத்தத்தில் ஓடவிடுகிறது.

ஆளை மாற்றிப் பார்க்கும் சோதனை

பலரும் சொல்லித்தரும் ஒரு சோதனை உண்டு. திருநங்கை இருக்கும் இடத்தில் ஒரு சித்தியையோ, வங்கி மேலாளரையோ வைத்துப் பாருங்கள். நகைச்சுவை மிஞ்சினால் பரவாயில்லை, செத்துப்போனால் அது அவர் உடலை மட்டுமே நம்பிய கேலி. தொடக்கத்துக்கு நல்ல கருவி. அந்தத் துப்பல் காட்சி இதில் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். பெத்ரோ அல்மொதோவாரின் 'ஆல் அபௌட் மை மதர்' (1999) நகைச்சுவைப் படம் அல்ல என்றாலும், அதில் வரும் ஒரு காட்சி நான் பார்த்த மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சிகளில் ஒன்று. நாடகம் ரத்தாகிவிடுகிறது. அக்ராதோ என்ற திருநங்கை திரைக்கு முன்னால் வந்து நின்று, போக விரும்புகிறவர்கள் போகலாம், இருக்கிறவர்களுக்கு என் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறேன் என்கிறார். கண், மூக்கு, மார்பு என்று தன் உடலில் செய்துகொண்ட ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆன செலவைப் பட்டியல் போடுகிறார். அரங்கம் சிரிக்கிறது, கைதட்டுகிறது. அவர் இடத்தில் வங்கி மேலாளரை வைத்தால் இந்தக் காட்சியே இல்லை. முழுக்க முழுக்க உடலைப் பற்றிய நகைச்சுவைதான். ஆனால் பட்டியலைப் படிப்பவர் அவர். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். எனவே சோதனைக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: டைமிங் யார் கையில் இருக்கிறது?

'பிரிசில்லா' (1994) படத்தில் டெரன்ஸ் ஸ்டாம்ப் நடித்த பெர்னடெட் என்ற திருநங்கைக்கு அது வாய்த்திருக்கிறது. பாலைவன ஊரொன்றின் மதுக்கடையில் ஒரு பெண் அவரையும் உடன்வந்தவர்களையும் வம்புக்கு இழுக்கிறாள். பெர்னடெட் இங்கே அச்சிட முடியாத ஒரு பதிலைச் சொல்கிறார். கடை மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்து சிரிக்கிறது. அருமையான வெட்டு. ஆனால் அதே படத்தில் சிந்தியா என்ற பிலிப்பைன்ஸ் பெண் வெறும் கேலிச்சித்திரமாக வந்துபோகிறாள். ஒருவர் தோளில் இருந்து இறக்கிய சுமையை இன்னொருவர் தோளில் ஏற்றிவிட்டார்கள். திருநர் பாத்திரத்தை நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று மகிழும்போது, சுற்றியுள்ள மற்ற முகங்களையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

அவருக்கு என்ன வேண்டும்?

காட்சியை விட்டுவிட்டு இப்போது முழுப் படத்துக்கு வரலாம். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் இருக்கிறதா, அவர் தனியாக இருக்கும் காட்சி ஒன்றாவது உண்டா, கதையில் அவர் எதையாவது விரும்புகிறாரா? 2013-இல் கிளாட் என்ற அமெரிக்க அமைப்பு, திரை ஆய்வாளர் விட்டோ ருஸ்ஸோவின் பெயரால் இப்படி ஒரு சோதனையை வெளியிட்டது. பால் புதுமை (குயர்) பாத்திரம் இருக்க வேண்டும்; அந்த அடையாளம் மட்டுமே அவர் என்று ஆகிவிடக்கூடாது; அவரை நீக்கினால் கதை பாதிக்கப்பட வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் ஐன்ஹார்னுக்குப் பதவி உண்டு, பழிவாங்கும் நோக்கம் உண்டு, அவர் இல்லாமல் கதையே இல்லை. அவர்கூட இதில் தேறிவிடலாம். அதனால்தான் முகங்களைப் பார்க்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

விருப்பம் என்று நான் சொல்வது என்ன என்பதற்கு 'டான்ஜரின்' (2015). ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ்ஸில் எடுத்த படம். சிறையில் இருந்து அப்போதுதான் வந்த சின்டீ, காதலன் துரோகம் செய்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, அவனோடு இருந்தவளைத் தேடி ஊரையே கலக்குகிறார். தோழி அலெக்ஸாண்ட்ராவுக்கு வேறு கவலை. அன்றிரவு தான் பாடப்போகும் நிகழ்ச்சிக்கு ஆள் சேர வேண்டும். பார்க்கிறவர்களிடமெல்லாம் துண்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒருத்திக்குப் பழி தீர்க்க வேண்டும், இன்னொருத்திக்குப் பாட்டைக் கேட்க நாலு பேர் வேண்டும். இருவரும் திருநங்கைகள்; நகைச்சுவை அந்த இரண்டு விருப்பங்களும் மோதிக்கொள்வதில் இருந்து வருகிறது. பாட்டைக் கேட்க ஏறக்குறைய யாரும் வருவதில்லை. மேடைக்குத் தானே பணம் கொடுத்திருக்கிறார் என்பதும் பிறகு தெரிகிறது. சிரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அங்கே தொண்டை அடைக்கும்.

'காஞ்சனா' (2011) இதற்கு நேர்மாறான சிக்கல். அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு. சரத்குமார் நடித்த காஞ்சனாவின் கதை, வீட்டை விட்டு விரட்டப்பட்டவர் இன்னொரு திருநங்கையை வளர்த்துப் படிக்க வைப்பது. பெரும் கூட்டத்தை அந்தப் பாத்திரத்துக்காக அழவைத்த படம் அது. ஆனால் அதற்கு முன்பே, ஆவி புகுந்த நாயகன் சேலை தேடுவதும் நெளிவதும், வீட்டார் அலறுவதும் சிரிப்பாக ஓடி முடிந்திருக்கும். முன்பாதியில் எந்த அசைவைக் கண்டு சிரித்தோமோ, அதே அசைவுக்குச் சொந்தக்காரருக்காகப் பின்பாதியில் அழச் சொல்கிறார்கள். சிரிப்பையும் கண்ணீரையும் தனித்தனிப் பாத்திரங்களில் ஊற்றிவிட்டார்கள். காஞ்சனாவே ஒரு நகைச்சுவை சொல்லி நாம் அதற்குச் சிரித்திருந்தால் படம் எப்படி மாறியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

'சூப்பர் டீலக்ஸ்' (2019) அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. காணாமல்போன அப்பா வருகிறார் என்று உறவுக் கூட்டம் காத்திருக்க, சேலையில் ஷில்பா வந்து இறங்குகிறார். பெரியவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். மகன் ராசுக்குட்டிக்கோ அப்பா வந்துவிட்டார் என்பது ஒன்றுதான் செய்தி. அந்த வீட்டுக்குள் வரும் சிரிப்பெல்லாம் பெரியவர்களின் தடுமாற்றத்தின் மேல் விழுகிறது.

யார் நடித்தார்?

ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. திருநங்கையை ஏன் நடிக்க வைக்கவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. குழந்தைகளைக் கடத்தும் கும்பலோடு ஷில்பாவைத் தொடர்புபடுத்திய பகுதியைத் திருநர் பலர் கண்டித்தார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நடிகர் தேர்வு மட்டுமே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 'ஐ' (2015) படத்தில் ஒப்பனைக் கலைஞர் ஓஸ்மா ஜாஸ்மினாக நடித்தவர் ஓஜஸ் ரஜானி, நிஜத்திலும் ஒப்பனைக் கலைஞரான திருநங்கை. அவர் ஆசையைச் சொல்லும் இடங்களில் படம் நாயகனின் அருவருப்புக்கு வெட்டுகிறது. பிறகு அவரை வில்லன்கள் வரிசையில் நிறுத்துகிறது. திருநர் அமைப்புகள் போராட்டம் நடத்தின. 'டான்ஜரின்' படத்தின் மாயா டெய்லருக்கு இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது கிடைத்தது என்றால், நடிகரோடு காட்சியும் அவர் பக்கம் நின்றதுதான் காரணம்.

நெளிந்து நடப்பவன்

திருநம்பிகள் நகைச்சுவைப் படங்களில் ஏறக்குறைய இல்லவே இல்லை. இருப்பது, நளினமாக நடக்கும் ஆண். நாயகியின் உடை வடிவமைப்பாளராகவோ, நடன உதவியாளராகவோ வந்து, நாயகனின் தோளில் கைவைத்து, அவன் விலகியதும் காணாமல்போகிறவர். அல்லது, 'பையனைப் போல' சுற்றிக்கொண்டிருந்து காதல் வந்ததும் சேலை கட்டும் பெண். இருவரையும் பார்க்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: படம் இவரைத் திருத்தப் பார்க்கிறதா?

லால் ஜோஸ் இயக்கிய மலையாளப் படம் 'சாந்துபொட்டு' (2005) அப்படித் திருத்தியது. பெண்ணைப் போல வளர்க்கப்பட்ட நாயகன், அடியும் அவமானமும் பட்டு, கடைசியில் 'ஆம்பளை'யாகிறான், தந்தையாகிறான். படம் ஓடி முடிந்த பிறகு அந்தத் தலைப்பு நளினமான பையன்களைக் கூப்பிடும் வசைச்சொல்லாயிற்று. 2019-இல், அந்தப் பெயரால் துன்புறுத்தப்பட்ட ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நடிகை பார்வதி தன் துறையின் சார்பாகப் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். 'வெறும் காமெடி' எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு தலைப்பின் வரலாறு போதும்.

மேஜையில் செய்யக்கூடியவை

நீங்களே குறும்படமோ முழுப்படமோ எடுக்கிறவர் என்றால், எல்லாவற்றையும் திரைக்கதையிலேயே சரிசெய்ய முடியாது. படப்பிடிப்பு முடிந்த பிறகும் கையில் நிறைய இருக்கிறது. அருவருப்பு முகத்தைப் பாதியில் வெட்டுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 12 ஃபிரேமை எடுத்தால், 'சீ' என்ற முகம் 'ஓ' என்ற முகமாகிவிடும். நுழைவு இசையை எடுத்துவிட்டு வெறும் சூழல் ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். காட்சி தாங்கினால் அந்த இசை தேவையே இல்லை.

நான் தொகுத்த ஒரு படத்தில், நாயகனின் நண்பன் லிஃப்டுக்குள் ஓர் உயரமான திருநங்கையோடு மாட்டிக்கொண்டு நடுங்குகிறான். எழுதியபடி எடுத்தது அந்த நடுக்கத்தை மட்டும். எடுத்த துண்டுகளைத் துழாவியபோது, ஷாட் முடிந்தும் கேமரா ஓடிக்கொண்டிருந்த சில நொடிகளில், அந்த நடிகை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டிருந்தார். 'இவனும் இப்படியா' என்ற அலுப்பு. நண்பனின் நடுக்கத்துக்குப் பிறகு அதை ஒட்டினேன். இயக்குநர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சோதனைத் திரையிடலில் பழைய வடிவத்துக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பு வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. பயந்தவன் கோமாளியாகிவிட்டான்; அவ்வளவுதான் நடந்தது. எனவே, திருநங்கை நடிகரின் பக்கமும் கேமராவைத் திருப்பி சில நொடிகள் எடுத்து வையுங்கள். எடுக்காததை நான் ஒட்ட முடியாது.

ஆலோசனைக்குத் திருநர் ஒருவரை அழைத்தால் கதை எழுதும்போதே அழையுங்கள், ஊதியம் கொடுங்கள். முடித்த படத்தைப் போட்டுக் காட்டி 'ஒன்றும் தப்பில்லையே?' என்று கேட்பது ஆலோசனை இல்லை, கையெழுத்து வாங்குவது.

எழுதும்போது

'மோசமான சித்திரிப்பு' என்று எழுதி நிறுத்தாதீர்கள். 'அவர் காதலைச் சொன்னதும் படம் நாயகனின் சுளித்த முகத்துக்குப் போகிறது, அவர் முகத்துக்குத் திரும்பவே இல்லை' என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தோடு யாரும் சண்டை போடலாம். இரண்டாவதை மறுக்க வேண்டுமானால் படத்தைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். இணையத்தில் சுற்றும் துண்டுகளை வைத்து எதையும் எழுதாதீர்கள். அவற்றை வெட்டியவர் வேறொருவர். எந்த முகத்தில் முடிப்பது என்பதை அவர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்திருப்பார்.

பழகிக்கொள்ள இரட்டைகளாகப் பாருங்கள். முதலில் 'சம் லைக் இட் ஹாட்' முடிவும் 'ஏஸ் வெஞ்சுரா' முடிவும், இரண்டும் ஒலியில்லாமல், அடுத்தடுத்து. பிறகு 'காஞ்சனா'வின் முன்பாதியும் 'சூப்பர் டீலக்ஸ்' வீட்டுக் காட்சியும். அதன் பின் 2020-இல் சாம் ஃபெடர் இயக்கிய 'டிஸ்க்ளோஷர்' ஆவணப்படம். ஹாலிவுட்டின் திருநர் கலைஞர்களே, தாங்கள் எந்தெந்தக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று அதில் பேசுகிறார்கள். ஆவணப்படத்தைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால், மற்ற காட்சிகளில் நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.